கொச்சிக்குப் போகும் முன்

ஊர் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ரயிலைவிட்டு இறங்கிய பிறகு, "இங்கே என்ன பார்க்கலாம்?" என்று வண்டிக்காரனைக் கேட்கிறவர்கள் ஒரு வகை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து, எந்த நாள் எத்தனை மணிக்கு எந்தக் கட்டிடத்தின் முன்னால் நிற்பது என்பது வரையில் எழுதி வைத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. என் மனைவி முதல் வகை. ஆகையால் எங்கள் வீட்டில் எந்தப் பிரயாணமும் ரயில் ஏறுவதற்கு முன்பே பாதி நடந்து முடிந்துவிடும்.

இந்தத் தடவை கொச்சி என்று முடிவாயிற்று. முடிவு செய்தவள் என் பெண். ஏதோ ஒரு நாட்காட்டியில் சீன வலையின் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்த ஊருக்குப் போகலாம்" என்றாள். டிசம்பர் கடைசியில் மூன்று நாள் லீவு. ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரையில் லேசில் விடாத ஊர் அது. டிசம்பரில் வானம் தெளிந்திருக்கும். சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். எல்லாம் பொருத்தமாக இருந்தது. காகிதத்தில் நெடுக இரண்டு கோடு கிழித்து, மூன்று நாட்களுக்கு மூன்று கட்டம் செய்துகொண்டேன்.

"எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த வரிசையில் எழுதுங்கள். ஆட்டோவுக்குக் கொடுக்கிற கூலியாவது மிஞ்சும்" என்றாள் மனைவி.

"வருஷ வரிசையில் எழுதினால் என்ன?" என்றேன் நான்.

"நாம் ஊர் பார்க்கப் போகிறோமா, பரீட்சை எழுதப் போகிறோமா?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதென்றால் என்னுடைய பழைய அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இருபது வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக எர்ணாகுளம் போனவன், மறுநாள் ஒரே பகலில் கொச்சியைப் 'பார்த்து' முடித்தேன். படகில் காயலைக் கடந்தேன். கடக்கும்போது வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியில் யூதர்களின் ஜெபாலயத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தரையில் பதித்த நீலப் பூ ஓடுகளையும் கண்ணாடி விளக்குகளையும் பார்த்து வாயைப் பிளந்தேன். ஊர் திரும்பிப் பத்துப் பேரிடம் கொச்சியின் அழகை வர்ணித்தும் இருக்கிறேன். அந்தக் காயலின் மேல் என்ன நடந்தது, அந்த வாசற்படியருகே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பல வருஷங்கள் கழித்துப் புத்தகங்களில் படித்தபோதுதான், நான் கொச்சிக்குப் போயிருக்கிறேனே தவிர அதைப் பார்க்கவில்லை என்பது புரிந்தது. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது என்பதுதான் என் திட்டத்தின் அடிப்படை.

வருஷ வரிசை என்று ஆரம்பித்தால் முதல் கட்டத்திலேயே ஒரு சங்கடம். கொச்சியின் கதை கொச்சியில் தொடங்கவில்லை. வடக்கே முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கொடுங்கல்லூர்ப் பக்கத்தில் தொடங்குகிறது. நம்முடைய சங்க நூல்கள் முசிறி என்று சொல்லும் துறைமுகம் பெரியாற்றின் முகத்துவாரத்தில் அங்கேதான் இருந்தது என்பது அறிஞர்களின் கருத்து. யவனர்கள் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போன செய்தியை அகநானூற்றில் பார்க்கலாம். புலவர்கள் மிகைப்படுத்தியிருப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு வியன்னா நகரத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஏடு ஒன்று. முசிறி வியாபாரத்துக்காக வாங்கிய கடனைப் பற்றிய பத்திரம். கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன் என்பது வரையில் அதில் இருக்கிறது. 2007-ஆம் வருஷத்திலிருந்து பட்டணம் என்ற கிராமத்தில் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன.

அந்தத் துறைமுகத்தின் காலம் முடிந்தது 1341-இல் என்று சொல்கிறார்கள். அந்த வருஷம் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையை மணலால் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சியில் கடலுக்கு ஒரு புதிய வாயைத் திறந்தது. இன்று படகில் போகும்போது எதிரே தெரியும் வைப்பின் தீவும் அந்த வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண்ணால் உருவானதுதான் என்பார்கள். 'புதுவைப்பு' என்று அந்த நிகழ்ச்சியை வைத்து ஓர் ஆண்டுக் கணக்கே அங்கே வழங்கியிருக்கிறது. ராஜாக்கள் பட்டத்துக்கு வந்ததிலிருந்து ஆண்டு கணக்கிடுவது நமக்குத் தெரியும். ஒரு வெள்ளத்திலிருந்து கணக்கிட்ட ஊர்கள் அதிகம் இருக்க முடியாது.

"அப்படியானால் முதல் நாள் கொடுங்கல்லூரா?" என்றாள் பெண், சற்றே முகம் வாடி. சீன வலை தள்ளிப்போகிறதே என்ற கவலை.

இல்லை என்று சமாதானம் சொன்னேன். கொடுங்கல்லூரை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். முதல் நாள் கோட்டைக் கொச்சிதான். விடியற்காலையில் வலையடியில் இருக்க வேண்டும் என்று கட்டத்தில் எழுதினேன். பெரிய மரங்களைக் கட்டி, வலையின் நான்கு மூலைகளையும் வளைந்த கழிகளில் தொங்கவிட்டு, மறுபக்கத்தில் கயிறுகளில் கனமான கற்களைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். தராசு போன்ற ஏற்பாடு. நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்தால் அத்தனை பெரிய வலையும் தண்ணீரிலிருந்து எழுந்து வரும். சீனர்கள் விட்டுப்போனது என்பார் உண்டு; மக்காவிலிருந்து போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் வெளியூர்ச் சரக்கு. வந்த இடத்தில் ஊரின் அடையாளமே ஆகிவிட்டது.

வலையடியிலிருந்து நடக்கிற தூரத்தில் பிரான்சிஸ் மாதா கோயில். 1500-ஆம் வருஷக் கடைசியில் கப்ரால் என்ற போர்ச்சுகீசியத் தலைவன் கொச்சிக்கு வந்தான். கள்ளிக்கோட்டையில் சாமூதிரியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன். சாமூதிரிக்கு அடங்கிக் கிடந்த கொச்சி ராஜாவுக்கு இந்த அந்நியன் ஒரு துணையாகத் தோன்றினான். 1503-இல் சாமூதிரியின் படை வந்து கொச்சியை அடித்தது. ராஜா வைப்பினுக்கு ஓடி ஒளிந்தார். போர்ச்சுகீசியக் கப்பல்கள் வந்து அவரை மீட்டன. அதற்குக் கைம்மாறாக அவர்கள் கேட்டது ஒரு கோட்டை கட்டிக்கொள்ள இடம். மரத்தால் எழுந்த அந்தக் கோட்டைதான் இந்தியாவில் ஐரோப்பியர்கள் கட்டிய முதல் கோட்டை. பக்கத்து வீட்டுக்காரனோடு உள்ள சண்டைக்கு வழிப்போக்கனைத் துணைக்கு அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தேசத்துச் சரித்திரத்தில் உதாரணங்கள் நிறைய. இது அவற்றில் முந்தியவற்றுள் ஒன்று.

வாஸ்கோ ட காமா 1524-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இந்த ஊரில்தான் இறந்தான். அவனைப் புதைத்த இடம் அந்தக் கோயிலுக்குள் இருக்கிறது. எலும்புகளைச் சில வருஷங்களுக்குப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாம் பார்ப்பது வெறும் குழியின் அடையாளம். கத்தோலிக்கர்கள் கட்டிய அந்தக் கோயில், 1663-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் புராட்டஸ்டண்டு கோயிலாயிற்று. 1795-இல் ஆங்கிலேயர்கள் பிடித்த பிறகு அவர்களுடைய திருச்சபைக்குப் போயிற்று. இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் கோயில். கட்டிடம் ஒன்றுதான், சாவி மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.

டச்சுக்காரர்கள் விட்டுப்போனவற்றில் பெரியது கட்டிடம் அல்ல, ஒரு புத்தகம். கவர்னராக இருந்த வான் ரீட் மலையாளத்துச் செடிகொடிகளைப் பற்றித் தொகுக்கச் செய்த 'ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக வெளிவந்தது. அதற்குச் செடிகளின் பெயரும் குணமும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவர் தம் கையால் எழுதிக் கொடுத்த சான்றிதழ் முதல் பாகத்தில் அவருடைய எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் அச்சகத்துக்குள் அவர் பெயர் நுழைந்துவிட்டது. சொந்த ஊர்க் கோயிலுக்குள் நுழைய அவருடைய ஜாதிக்காரர்கள் இன்னும் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை எழுதும்போதுதான், என் பட்டியலில் ஏதோ ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது என்று எனக்கே படலாயிற்று.

இரண்டாம் நாள் மட்டாஞ்சேரி. அங்கே அரண்மனையும் ஜெபாலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. அரண்மனை பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர்கள் கட்டி ராஜாவுக்குக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் நிலைத்துவிட்டது. ராஜாவின் பள்ளியறைச் சுவரில் ராமாயணக் காட்சிகள் தீட்டியிருக்கிறார்கள். அந்தச் சித்திரங்களுக்கு ஒரு காலை முழுவதும் ஒதுக்கினேன்.

ஜெபாலயம் 1568-இல் ஏற்பட்டது. போர்ச்சுகீசியர்களின் கொடுமைக்குப் பயந்த யூதர்களுக்கு ராஜா தம் அரண்மனைக்கும் கோயிலுக்கும் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். 1662-இல் போர்ச்சுகீசியர்கள் அதைக் கொளுத்தினார்கள். டச்சுக்காரர்கள் வந்த பிறகு மறுபடி எழும்பியது. 1760-களில் எசக்கியேல் ரஹாபி என்ற பெரிய வியாபாரி மணிக்கூண்டு கட்டி, சீனாவிலிருந்து நீல ஓடுகளை வரவழைத்துத் தரையில் பதித்தார். கையால் தீட்டிய ஓடுகள். ஒன்று போல் ஒன்று இராது. 1968-இல் நானூறாவது ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்திருந்தார். தபால் தலையும் வெளியிட்டார்கள்.

அந்த ஜெபாலயத்தின் பொக்கிஷம் ஒரு செப்பேடு. ஏறக்குறைய கி.பி. 1000-இல் பாஸ்கர ரவி என்ற சேர அரசன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்குக் கொடுத்தது. வட்டெழுத்தில் பொறித்தது, படித்துக் காட்டினால் நமக்குப் பாதிக்கு மேல் புரியும், அவ்வளவு தூரம் தமிழோடு ஒட்டிய பாஷை. அதில் எழுபத்திரண்டு உரிமைகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பகலில் விளக்குப் பிடிக்கலாம், நடக்கும் வழியில் துணி விரிக்கலாம், பல்லக்கில் போகலாம், குடை பிடிக்கலாம், வாசலில் தோரணம் கட்டலாம். கடல் கடந்து வந்த ஓர் அந்நியனுக்கு இவ்வளவு! இதைப் படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உலகத்தில் வேறு எத்தனையோ இடங்களில் யூதர்களை விரட்டி விரட்டி அடித்த காலத்தில், இங்கே குடையும் பல்லக்கும் கொடுத்து உட்கார வைத்தார்கள். இந்தப் பெருமையைத்தான் வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன, சொல்ல வேண்டியதுதான்.

ஆனால் குடை பெற்றவர்களும் நம் தேசத்துக் காற்றைத்தானே சுவாசித்தார்கள்? ஜாதி அவர்களுக்குள்ளும் புகுந்தது. பின்னால் ஸ்பெயின் முதலிய தேசங்களிலிருந்து வந்தவர்கள் 'பரதேசி' யூதர்கள்; வெள்ளை யூதர்கள் என்றும் சொல்வார்கள். இந்த ஜெபாலயம் அவர்களுடையது. நெடுங்காலமாக மண்ணில் இருந்த மலபார் யூதர்களைக் கறுப்பு யூதர்கள் என்று தள்ளி வைத்தார்கள். பரதேசிகளுக்குள்ளேயே, முன்னொரு காலத்தில் விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததி என்று ஒரு பிரிவினரை ஒதுக்கினார்கள். ஜெபாலயத்தின் உள்ளே அவர்களுக்கு ஆசனம் கிடையாது. முன்கூடத்தில் தரையில், வாசற்படியருகே உட்கார்ந்து கேட்க வேண்டும். கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லை.

அந்தப் பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். ஆபிரகாம் பராக் சேலம். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, சென்னைக்கு வந்து பி.ஏ.யும் சட்டமும் முடித்து வக்கீலானார். கொச்சி ஸமஸ்தானச் சட்டசபையில் உட்கார்ந்தார். 1929-இல் லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தார். சட்டசபையில் ஆசனம் கிடைத்தவருக்குத் தம் சொந்த ஜெபாலயத்தில் ஆசனம் இல்லை! காந்தியடிகளின் வழியையே அவர் கைக்கொண்டார். சில காலம் ஜெபாலயத்துக்கே போகாமல் இருந்து பார்த்தார். பிறகு உள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 'யூத காந்தி' என்றே அவருக்குப் பெயர் வந்தது.

1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போவதற்கு உதவி செய்தவர்களில் சேலமும் ஒருவர். அவர் மட்டும் போகவில்லை. 1967-இல் கொச்சியிலேயே இறந்தார். முன்பு இடம் மறுத்த அதே கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். இப்போது அந்த ஜெபாலயத்தில் முறைப்படி பிரார்த்தனை நடத்தத் தேவையான பத்து ஆண்கள் ஊரில் இல்லை. யாரை உள்ளே விடுவது என்று நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை போட்ட இடத்தில், உள்ளே உட்கார ஆளில்லை.

"வெள்ளி, சனி வெளியாரை உள்ளே விடுவதில்லையாம். இரண்டாம் நாள் என்ன கிழமை என்று பார்த்தீர்களா?" என்றாள் மனைவி. பார்க்கவில்லை. பரீட்சைக்குத் தயார் செய்கிறவன் கிழமையைப் பார்க்க மறந்துவிட்டான்! முதல் வகையினரும் சில சமயம் திட்டத்துக்கு உதவுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டு, புறப்படும் நாளை மாற்றி எழுதினேன்.

மூன்றாம் நாள் எர்ணாகுளமும் காயலும். கொச்சியின் கடல்வாயை 1341-இல் வெள்ளம் திறந்தது என்றால், அதைப் பெரிய கப்பல்களுக்குத் திறந்தவர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கில எஞ்சினியர். சென்னை கவர்னர் வில்லிங்டன் பிரபு காலத்தில், 1920-இல் வந்தார். முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி, தோண்டிய மண்ணைக் கொட்டிக் காயலுக்கு நடுவே ஒரு தீவையே உண்டாக்கினார். அதுதான் வில்லிங்டன் தீவு. 1928-ஆம் வருஷம் மே மாதம் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் இந்தியர்களைச் சேர்ப்பதில்லை என்பதால், பிரிஸ்டோவும் அவர் மனைவியும் 1931-இல் இரு சாராரும் சேர்ந்து உட்காரும் லோட்டஸ் கிளப்பை எர்ணாகுளத்தில் ஏற்படுத்தினார்கள். மணல்திட்டைவிட இந்தத் திட்டு வெட்டுவதற்குக் கடினமானது என்று அவர் கண்டிருப்பார்.

இதெல்லாம் நடப்பதற்கு முன், 1913-இல், அதே காயலில் ஒரு கூட்டம் நடந்தது. என் பட்டியலில் நான் அடிக்கோடு இட்டது அதற்குத்தான்.

எர்ணாகுளத்தைச் சுற்றியுள்ள தீவுகளில் நெல் விளைவித்தவர்கள் புலையர்கள். ஊரின் ராஜபாட்டைகளில் நடக்க அவர்களுக்கு உரிமை இல்லை. தங்கள் குறைகளைப் பேசக் கூட்டம் போட விரும்பினார்கள். மகாராஜாவின் மண்ணில் அவர்கள் கூட்டம் கூடக் கூடாது. தனியாரும் நிலம் தரமாட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாக நின்றவர் பண்டிட் கறுப்பன் என்ற கவிஞர். வடமொழிப் புலவர், மகாராஜாவிடம் 'கவிதிலகன்' பட்டம் பெற்றவர், ஜாதிக் கொடுமையைச் சாடி 'ஜாதிக்கும்மி' என்ற நூல் எழுதியவர். பிறப்பு மீனவர் குலத்தில். மண்ணில்தானே தடை, தண்ணீருக்குத் தடை போட்டவர் யார் என்று அந்த மீனவர் குலத்துக் கவிஞருக்குத் தோன்றியது. மீனவர்களின் தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, காயலுக்கு நடுவே மேடையும் சபையும் உண்டாக்கினார்கள். கிருஷ்ணாதி ஆசான் முதலிய தலைவர்களோடு புலையர்கள் தோணிகளில் வந்து கூடினார்கள். புலைய மகாசபை அப்படித்தான் பிறந்தது. காயல் சம்மேளனம் என்று கேரளத்துச் சரித்திரத்தில் அதற்குப் பெயர்.

அந்த நாட்களில் எர்ணாகுளத்தில் ஒரு விவசாயக் கண்காட்சி நடந்ததாம். அவர்கள் விளைவித்த தானியமும் காயும் உள்ளே இருந்தன. அவர்கள் உள்ளே வரக் கூடாது. கறுப்பன் அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் அனுமதி கிடைத்தது என்பார்கள். 1925-இல் கறுப்பன் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். அதே வருஷம்தான் சேலமும் அங்கே வந்து சேர்ந்தார். ஒருவர் காயலில் மேடை போட்டவர், இன்னொருவர் ஜெபாலயத்தின் வாசற்படியருகிலிருந்து எழுந்து வந்தவர். இருவரும் ஒரே சபையில். திருவிதாங்கூரில் 1936-இல் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது. கொச்சியில் அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இதைச் சொல்லி நான் கொச்சிக்காரர்கள்மேல் குற்றம் சாட்டவில்லை. நம் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எல்லாரும் போனது 1939-இல்தான். கொச்சியில் இது கண்ணை உறுத்துவதற்குக் காரணம், அந்த ஊரின் விருந்தோம்பல். யவனன், யூதன், சீனன், போர்ச்சுகீசியன், டச்சுக்காரன், ஆங்கிலேயன் எல்லாருக்கும் அங்கே மண்ணில் இடம் கிடைத்தது. கோட்டைக்கும் கோயிலுக்கும் கல்லறைக்கும்கூடக் கிடைத்தது. கடல் வழியாக வந்தவர்களுக்குத் திறந்த கதவு, வயல் வழியாக வந்தவர்களுக்குத் திறக்கவில்லை. உழுதவர்களுக்கு நின்று பேச நாலடி மண் இல்லாமல் தண்ணீரில் போய் நின்றார்கள்.

மூன்றாம் நாள் கட்டத்தில், "மாலை: படகு, காயல்" என்று எழுதி மனைவியிடம் காட்டினேன்.

"அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்றாள்.

"தண்ணீர்தான். ஒரு கூட்டம் நடந்த இடம்." கதையைச் சொன்னேன். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"மாலையில் படகு கூட்டமாக இருக்கும். காலையில் போகலாம். நடுக் காயலில் வரும்போது இவளுக்கும் சொல்லுங்கள்" என்று பெண்ணைக் காட்டினாள்.

பென்சிலால் 'மாலை' என்பதை அடித்துவிட்டுக் 'காலை' என்று எழுதினேன். டிக்கெட் வாங்கியாயிற்று. இந்தத் தடவை வேர்க்கடலை வாங்குவதாக உத்தேசமில்லை.